கேள்வி–பதில்: அந்த ஜூலை 2ஆம் தேதி என்னதான் நடந்தது?

சென்ற இதழில், "ஒரு நாட்டுப் பணத்தின் மதிப்பு எப்படித் திடீரென்று பாதியாகும்?" என்ற கேள்விக்குப் பதில் எழுதும்போது, போகிற போக்கில் 1997 தாய்லாந்தை உதாரணம் காட்டிவிட்டு நகர்ந்துவிட்டேன். விட்டார்களா? "அதென்ன தாய்லாந்து? பாதியிலேயே விட்டுவிட்டீர்களே!" என்று ஒரு கட்டுக் கடிதம் வந்து சேர்ந்துவிட்டது. அதனால் இந்த இதழ் முழுக்க அந்த ஆசிய நிதி நெருக்கடிதான். சினிமா கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த முறை வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 1997இல் நடந்ததைப் பொருளாதாரம் படிக்காத எனக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடியுமா?

முயற்சி செய்கிறேன். பாட் என்பது தாய்லாந்தின் பணம். அப்போது ஒரு டாலருக்கு சுமார் 25 பாட். இந்த விகிதம் வருடக்கணக்கில் அசையவே இல்லை, ஏனென்றால் அசையவிடமாட்டோம் என்று தாய்லாந்து மத்திய வங்கி பிடித்து வைத்திருந்தது. சரி, இப்போது பாங்காக்கில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு வங்கியில் 6 சதவீத வட்டிக்கு 10 லட்சம் டாலர் ஒரு வருடக் கடனாக வாங்குகிறது, மாற்றினால் இரண்டரைக் கோடி பாட். அதை உள்ளூரில் கட்டடம் கட்டுகிறவருக்கு 13 சதவீதத்துக்குக் கொடுக்கிறது. வருடக் கடைசியில் உள்ளே வருவது 2 கோடியே 82 லட்சத்து 50 ஆயிரம் பாட், திருப்ப வேண்டியது 10 லட்சத்து 60 ஆயிரம் டாலர், அதாவது 2 கோடியே 65 லட்சம் பாட். நோகாமல் பதினேழரை லட்சம் பாட் லாபம். (கணக்குப் புரிவதற்காக நானே போட்ட எண்கள் இவை.)

இப்போது அதே டாலர் 50 பாட் ஆகிவிட்டது என்று வையுங்கள். திருப்ப வேண்டிய டாலர் அதே 10 லட்சத்து 60 ஆயிரம்தான், ஆனால் அதை வாங்க 5 கோடியே 30 லட்சம் பாட் வேண்டும். கையில் இருப்பது, அதுவும் கட்டடக்காரர் ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்திருந்தால், 2 கோடியே 82 லட்சத்துச் சொச்சம். கதை முடிந்தது. ஒரு கம்பெனி என்றால் அந்த முதலாளியின் தலைவலி. நாட்டில் பாதிப் பேர் இதே வியாபாரத்தில் இருந்தால்?

1997 ஜூலை 2ஆம் தேதி தாய்லாந்து தன் பாட்டை மிதக்கவிட்டது, அதாவது "இனி எங்களால் பிடித்து வைக்க முடியாது, சந்தை என்ன விலை சொல்கிறதோ அதுதான் விலை" என்றது. அன்றே பாட் பதினைந்து சதவீதத்துக்கு மேல் சரிந்தது. 1998 ஜனவரியில் ஒரு டாலருக்கு 56 பாட் வரை போனது. அதற்குள் இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், தென்கொரியா என்று ஒவ்வொன்றாக விழுந்தன.

கேள்வி: நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்த நாடுகள்தானே? எதற்கு வெளியே போய் டாலரில் கடன் வாங்கினார்கள்?

நன்றாகச் சம்பாதித்ததுதான் பிரச்சினையே. 'ஆசிய அதிசயம்' என்று உலகமே புகழ்ந்துகொண்டிருந்தது, கடன் கொடுப்பதற்கு ஐரோப்பிய, ஜப்பானிய வங்கிகள் வரிசையில் நின்றன. அவர்கள் ஊரில் வட்டி குறைவு, இங்கே அதிகம். நடுவில் இருக்கிற ஒரே ஆபத்து, பணத்தின் மாற்று விகிதம். அதையும் "மாறாது" என்று அரசாங்கமே உறுதி சொல்லியிருந்தது. ஆபத்தே இல்லை என்று அரசாங்கம் சொல்லும்போது இன்ஷூரன்ஸ் யார் எடுப்பார்கள்? டாலர் ஏறினால் என்ன செய்வது என்று முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டுவைக்க வழி இருந்தது, அதற்குச் செலவாகும், அந்தச் செலவை மிச்சம் பிடித்தார்கள்.

1993இல் தாய்லாந்து ஒரு வசதி செய்து கொடுத்தது. வெளிநாட்டில் கடன் வாங்கி வெளிநாட்டுக்கே கடன் கொடுக்கும் வங்கி மையமாக பாங்காக் வளரட்டும், சிங்கப்பூர், ஹாங்காங் மாதிரி ஆகட்டும் என்று நினைத்தார்கள். நடந்தது வேறு. வெளியே வாங்கிய பணத்தில் பெரும்பகுதி உள்ளே வந்து இறங்கியது, அடுக்குமாடிகளாகவும் அலுவலகக் கட்டடங்களாகவும் கோல்ஃப் மைதானங்களாகவும் நிலமாகவும் மாறியது. நிலத்தின் விலை ஏறியது. ஏறிய நிலத்தை அடமானம் வைத்து இன்னும் கடன், அதில் இன்னும் நிலம்.

இதில் இரண்டு கோளாறு ஒன்றாகச் சேர்ந்தன. முதலாவது நான் மேலே சொன்ன டாலர்–பாட் கோளாறு. இரண்டாவது, காலக் கோளாறு. வாங்கிய கடனைப் பல சமயம் மூன்று மாதத்திலோ ஒரு வருடத்திலோ திருப்ப வேண்டும், ஆனால் கொடுத்த கடன் முடிவதற்கு ஐந்தாறு வருடம் ஆகும் கட்டடத்தில் மாட்டிக்கொண்டிருக்கும். நல்ல காலத்தில் இது தெரியாது. தவணை முடிந்ததும் வெளிநாட்டு வங்கியே "இன்னும் ஒரு வருடம் வைத்துக்கொள்ளுங்கள்" என்று புதுப்பித்துக் கொடுக்கும். ஒரு நாள் அது "வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்" என்று சொன்னால், கட்டடத்தைப் பெயர்த்தா கொடுக்க முடியும்?

என்னைக் கேட்டால், ஊழல், வேண்டப்பட்டவர்களுக்குக் கடன், மோசமான கண்காணிப்பு எல்லாம் இருந்தது உண்மைதான். ஆனால் அவை முப்பது வருடமாக இருந்தன, அந்த முப்பது வருடமும் இதே நாடுகள் வளர்ந்துகொண்டுதான் இருந்தன. புதிதாக வந்தது இந்தக் குறுகிய கால டாலர் கடன்.

கேள்வி: இதையெல்லாம் செய்தது ஜார்ஜ் சொரோஸ் என்கிற ஒரே ஆள்தான் என்று என் நண்பர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?

உங்கள் நண்பரோடு சேர்ந்து அப்போதைய மலேசியப் பிரதமர் மகாதீரும் அதையேதான் சொன்னார். 1997 செப்டம்பரில் ஹாங்காங்கில் உலக வங்கி, ஐ.எம்.எஃப். (சிக்கலில் மாட்டிய நாடுகளுக்கு நிபந்தனையோடு கடன் கொடுக்கும் சர்வதேச நாணய நிதியம்) கூட்டம் நடந்தபோது இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் வசைபாடிக்கொண்டது உலகச் செய்தியானது.

சொரோஸ் ஒரு பெரிய அமெரிக்க முதலீட்டாளர். அவருடைய நிதியும் அது போன்ற வேறு ஹெட்ஜ் ஃபண்டுகளும் (பணக்காரர்களின் பணத்தைத் திரட்டிப் பெரிய பந்தயம் கட்டும் முதலீட்டு நிதிகள்) பாட் விழும் என்று பந்தயம் கட்டின, லாபமும் பார்த்தன. பாட்டைக் கடனாக வாங்கி விற்று, டாலராக மாற்றி வைத்துக்கொண்டு, விழுந்த பிறகு மலிவாகத் திரும்ப வாங்கிக் கடனை அடைப்பது அவர்கள் முறை. 1997 மே மாதம் பெரிய தாக்குதல் நடந்தது. மத்திய வங்கி கையிருப்பு டாலரை அள்ளிக் கொட்டி பாட்டைக் காப்பாற்றியது. காப்பாற்றியதில் பெரும்பகுதி, பிற்பாடு டாலர் தருகிறோம் என்று எழுதிக்கொடுத்த முன்பேர ஒப்பந்தங்கள். அதனால் வெளிக்கணக்கில் 3,000 கோடி டாலருக்கு மேல் கையிருப்பு இருப்பதாகத் தெரிந்தது, ஆனால் அதில் பெரும்பகுதிக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்தாயிற்று. உண்மையில் எடுத்துச் செலவழிக்க மிஞ்சியது 300 கோடி டாலர்கூட இல்லை. ஜூன் 30ஆம் தேதி பிரதமர் சவலித், பாட்டின் மதிப்பைக் குறைக்கவே மாட்டோம் என்று நாட்டுக்கு அறிவித்தார். இரண்டே நாள்.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். 1995இல் 20 சதவீதத்துக்கு மேல் வளர்ந்த தாய்லாந்து ஏற்றுமதி 1996இல் அப்படியே படுத்துவிட்டது. பாட் டாலரோடு கட்டப்பட்டிருந்தது, டாலர் யென்னுக்கு எதிராக ஏறிக்கொண்டே போனதால் தாய்லாந்துச் சரக்கும் சேர்ந்து விலை ஏறியது. நடப்புக் கணக்குப் பற்றாக்குறை, அதாவது ஏற்றுமதி மாதிரி வழிகளில் வெளிநாட்டிலிருந்து சம்பாதிப்பதைவிட வெளியே கூடுதலாகச் செலவழிப்பது, நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் 8 சதவீதம். பங்குச் சந்தை 1994 தொடக்கத்தில் உச்சத்தைத் தொட்டு இறங்கிக்கொண்டிருந்தது. 1997 பிப்ரவரியில் சோம்பிரசோங் லேண்ட் என்ற ரியல் எஸ்டேட் கம்பெனி வெளிநாட்டுக் கடனுக்குத் தவணை கட்ட முடியாமல் நின்றது. இவ்வளவும் நடக்கும்போது சொரோஸ் இதில் எங்கே இருந்தார்? சுவர் ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தது, அவர் வந்து சாய்ந்தார், அவ்வளவுதான். சொல்லப்போனால் பதறிப்போய் டாலர் வாங்க ஓடியவர்களில் பெரிய கூட்டம் டாலர் கடன் வைத்திருந்த உள்ளூர்க் கம்பெனிகளும், கடனைப் புதுப்பிக்க மறுத்த வெளிநாட்டு வங்கிகளும்தான். அவர்கள் பெயரைச் சொல்லித் திட்டுவதில் சுவாரசியம் இல்லை, அதனால் யாரும் திட்டுவதில்லை.

கேள்வி: தாய்லாந்தில் தீப்பிடித்தால் அவ்வளவு தூரத்தில் இருக்கும் கொரியா ஏன் எரிய வேண்டும்?

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். தாய்லாந்தில் கையைச் சுட்டுக்கொண்ட வங்கி, தன் கடன் புத்தகத்தைத் திறந்து "இதே மாதிரி வேறு எங்கே கொடுத்திருக்கிறோம்?" என்று பார்க்கும். அங்கிருந்தும் பணத்தைக் கேட்கும். பக்கத்து வங்கி கேட்கிறதென்று தெரிந்தால் நாமும் முந்திக்கொள்ள வேண்டும், பிந்தினால் அந்த நாட்டில் டாலரே மிஞ்சாது. இதில் முட்டாள்தனம் எதுவும் இல்லை, தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவரும் புத்திசாலித்தனமாகத்தான் நடந்தார்கள்.

கொரியாவுக்குச் சொந்த வியாதியும் இருந்தது. சேபோல் என்று சொல்லப்படும் பெரிய குடும்பக் குழுமங்கள் தலைக்கு மேல் கடன் வாங்கியிருந்தன. 1997 ஜனவரியிலேயே ஹான்போ ஸ்டீல் திவால், ஜூலையில் கியா தடுமாற்றம். அந்த வருட நடுவில் கொரியா வெளிநாட்டு வங்கிகளுக்குத் திருப்ப வேண்டிய குறுகிய காலக் கடன், அதன் அந்நியச் செலாவணிக் கையிருப்பைப் போல இரண்டு மடங்கு. எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டால் பாதிப் பேருக்குத்தான் கொடுக்க முடியும். கேட்டார்கள்.

ஐந்து நாடுகளையும் சேர்த்துப் பார்த்தால் 1996இல் நிகரமாக சுமார் 9,300 கோடி டாலர் தனியார் பணம் உள்ளே வந்தது. 1997இல் சுமார் 1,200 கோடி டாலர் வெளியே போனது.

கேள்வி: ஐ.எம்.எஃப். வந்து காப்பாற்றியதா, கெடுத்ததா? ஒரே வரியில் பதில் வேண்டும்.

ஒரே வரியில்: இரண்டும்.

ஒரே வரிக்கு மேல் போனால், இந்தோனேசியாவைப் பார்க்க வேண்டும். 1997 அக்டோபர் கடைசியில் ஒப்பந்தம் கையெழுத்தானது, அடுத்த நாளே, நவம்பர் 1ஆம் தேதி, 16 வங்கிகளை மூடினார்கள். மோசமான வங்கிகள்தான், மூட வேண்டியவைதான். ஆனால் மற்ற வங்கிகளில் போட்ட பணம் பத்திரம் என்று யாரும் மக்களுக்கு முழு உத்தரவாதம் சொல்லவில்லை. "இன்னும் எத்தனை மூடுவார்களோ" என்று ஜனங்கள் நல்ல தனியார் வங்கியிலிருந்தும் பணத்தை எடுக்க ஓடினார்கள். மூடப்பட்டதில் ஒன்று அதிபர் சுஹார்த்தோவின் மகனுக்குப் பங்குள்ள வங்கி. கொஞ்ச நாளில் அது வேறு பெயரில் வேறு வாசல் வழியாக உயிர்பெற்றது, பார்த்துக்கொண்டிருந்த எல்லோருக்கும் சீர்திருத்தத்தின் லட்சணம் புரிந்துவிட்டது. எல்லா வங்கி டெபாசிட்டுக்கும் அரசு உத்தரவாதம் என்ற அறிவிப்பு அடுத்த ஜனவரி கடைசியில்தான் வந்தது. அதற்குள் டாலருக்கு சுமார் 2,400 ஆக இருந்த ருப்பியா பத்தாயிரத்தைத் தாண்டி ஓடியிருந்தது.

1998 ஜனவரி 15ஆம் தேதி இரண்டாவது ஒப்பந்தம். சுஹார்த்தோ குனிந்து கையெழுத்துப் போடுகிறார், பின்னால் ஐ.எம்.எஃப். தலைவர் மிஷேல் காம்டெஸ்ஸு கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அந்தப் புகைப்படம் ஆசியா முழுக்கப் போனது. காலனி ஆட்சியை அனுபவித்த ஊரில் அந்தப் படம் எப்படி உறைத்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. நிபந்தனைகளில் கிராம்பு வியாபார ஏகபோகத்தை ஒழிப்பதும் உண்டு. அதிபரின் இன்னொரு மகனுடைய ஏகபோகம் அது, ஒழிக்க வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் டாலர் ஓடிக்கொண்டிருக்கும்போது கிராம்பைப் பற்றிப் பேசுவது, மூச்சுத் திணறுகிறவனிடம் நகத்தை வெட்டச் சொல்வது மாதிரி.

இன்னொரு தப்பு, சிக்கனம். இந்த நாடுகளின் அரசாங்கங்கள் ஊதாரிகள் அல்ல, தாய்லாந்து பல வருடம் உபரி பட்ஜெட் போட்ட நாடு. கடன் வாங்கியது தனியார். ஆனால் மருந்துச் சீட்டில் முதலில் எழுதியது பழைய மருந்தையே: அரசு செலவைக் குறை, வட்டியை ஏற்று. ஏற்கெனவே படுத்துக்கிடக்கும் கம்பெனிகளுக்கு வட்டி ஏற்றினால் எழுந்திருக்குமா? அப்போது உலக வங்கியின் தலைமைப் பொருளாதார நிபுணராக இருந்த ஜோசஃப் ஸ்டிக்லிட்ஸ் இதை வெளிப்படையாகவே விமர்சித்தார். 1998 நடுவில் ஐ.எம்.எஃப்.பே பட்ஜெட் பிடியைத் தளர்த்தியது. ஆனால் வட்டியை ஏற்றாமல் விட்டிருந்தால் பணம் இன்னும் சரிந்திருக்கும், டாலர் கடன்காரர்கள் இன்னும் மூழ்கியிருப்பார்கள் என்று அவர்கள் பக்கம் சொல்வதையும் அடியோடு தள்ளிவிட முடியாது. மாட்டிக்கொண்ட பிறகு நல்ல வழி என்று ஒன்று இருக்கவில்லை.

மறுபடி இந்தோனேசியா. 1998 மே 4ஆம் தேதி எரிபொருள் மானியத்தை வெட்டினார்கள். மே 12ஆம் தேதி ஜகார்த்தாவில் திரிசக்தி பல்கலைக்கழக மாணவர்கள் நான்கு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்த கலவரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள், சீன வம்சாவளியினரின் கடைகளும் வீடுகளும் தேடித் தேடித் தாக்கப்பட்டன, பெண்கள் மீது கொடூரங்கள் நடந்தன. மே 21ஆம் தேதி, 32 வருடம் ஆண்ட சுஹார்த்தோ பதவி விலகினார். அந்த வருடம் நாட்டின் உற்பத்தி சுமார் 13 சதவீதம் சுருங்கியது. செத்தவர்களில் எத்தனை பேர் வாழ்க்கையில் டாலர் நோட்டைக் கண்ணால் பார்த்திருப்பார்கள் என்று யோசித்தால் மனது என்னவோ செய்கிறது.

கேள்வி: கொரியப் பெண்கள் தாலி மாதிரி நகையெல்லாம் கழற்றிக் கொடுத்து நாட்டுக் கடனை அடைத்தார்களாமே? வாட்ஸ்அப்பில் வந்தது.

தாலி கொரியாவில் கிடையாது, கல்யாண மோதிரம் உண்டு. மற்றபடி பாதி உண்மை. 1998 தொடக்கத்தில் தங்கம் திரட்டும் இயக்கம் நடந்தது, சுமார் 35 லட்சம் பேர் மோதிரம், குழந்தைக்கு வந்த பரிசுத் தங்கம், பதக்கம் என்று சுமார் 227 டன் கொடுத்தார்கள். அதன் மதிப்பு 200 கோடி டாலருக்குக் கொஞ்சம் மேல். ஐ.எம்.எஃப்.பிடம் மட்டும் ஒப்புக்கொள்ளப்பட்ட கடன் சுமார் 2,100 கோடி டாலர், மற்றவர்கள் உறுதி சொன்னதையும் சேர்த்தால் 5,500 கோடிக்கும் மேல். ஆகவே நகையால் கடன் அடையவில்லை. பெரும்பாலோருக்கு அதற்கான விலையைக் கொரியப் பணமான வொன்னில் பிற்பாடு கொடுத்தார்கள் என்பதையும் அந்த வாட்ஸ்அப் செய்தி சொல்லியிருக்காது.

கொரியாவை நிஜமாகக் காப்பாற்றியது அழகில்லாத ஒரு விஷயம். 1997 டிசம்பர் கடைசியில், ஐ.எம்.எஃப். பணம் வந்தும் வொன் டாலருக்கு 2,000 பக்கம் போய்க்கொண்டிருந்தபோது, அமெரிக்கா உள்ளிட்ட பெரிய நாடுகள் தங்கள் ஊர் வங்கிகளைக் கூப்பிட்டு "கடனைத் திரும்பக் கேட்காதீர்கள், புதுப்பியுங்கள்" என்று அழுத்தின. ஜனவரியில் சுமார் 2,400 கோடி டாலர் குறுகிய காலக் கடனை ஒன்று முதல் மூன்று வருடக் கடனாக மாற்ற ஒப்பந்தம் ஆனது. பீதி நின்றது. இதையே ஆறு மாதம் முன்பு பாங்காக்கில் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

1997இல் 3 சதவீதத்துக்கும் கீழே இருந்த வேலையின்மை 1999 தொடக்கத்தில் 8 சதவீதத்தைத் தாண்டியது. ஐ.எம்.எஃப். கடனை 2001 ஆகஸ்டில், கெடுவுக்கு மூன்று வருடம் முன்பே அடைத்தார்கள். இன்றைக்கும் கொரியர்கள் அந்தக் காலத்தை 'ஐ.எம்.எஃப். நெருக்கடி' என்றுதான் சொல்கிறார்கள். நோய்க்கு வைத்தியர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

கேள்வி: மகாதீர் செய்தது சரியா?

மலேசியா ஐ.எம்.எஃப்.பிடம் போகவில்லை. 1998 செப்டம்பர் 1ஆம் தேதி மூலதனக் கட்டுப்பாடுகள், அடுத்த நாள் ஒரு டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று ஆணி அடித்தாயிற்று. வெளிநாட்டினர் பங்குகளை விற்ற பணத்தை ஒரு வருடத்துக்கு வெளியே கொண்டுபோக முடியாது. துணைப் பிரதமர் அன்வார் இப்ராஹிமைப் பதவி நீக்கியதும் அதே செப்டம்பர் 2ஆம் தேதிதான்! பொருளாதாரத்தையும் அரசியலையும் ஒரே வாரத்தில் முடித்துவிட்டார்.

மலேசியா அழிந்துவிடும் என்று நிபுணர்கள் ஆரூடம் சொன்னார்கள், அழியவில்லை, 1999இல் 6 சதவீதம் அளவுக்கு வளர்ந்தது. ஆனால் ஐ.எம்.எஃப். சொன்னபடி நடந்த கொரியா அதே வருடம் 10 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. செப்டம்பரில் கதவைச் சாத்தியபோது ஓட வேண்டிய பணம் பெரும்பாலும் ஏற்கெனவே ஓடியிருந்தது என்பதும் உண்டு. வட்டியைக் குறைக்க அவருக்கு அவகாசம் கிடைத்தது, அந்த அளவுக்குச் சரி. அந்த 3.80 ஆணியை 2005 ஜூலையில்தான் பிடுங்கினார்கள்.

கேள்வி: ஆசியாவில் நடந்ததற்கு அமெரிக்கா, ரஷ்யாவெல்லாம் எப்படிப் பாதிக்கப்பட்டன?

ஆசியாவில் தொழிற்சாலை நின்றால் எண்ணெய் வாங்க ஆள் குறையும். 1997 தொடக்கத்தில் பீப்பாய் 20 டாலருக்கு மேல் இருந்த எண்ணெய், 1998 கடைசியில் 10 டாலர் பக்கம் வந்தது. எண்ணெய் விற்றுப் பிழைக்கிற ரஷ்யா 1998 ஆகஸ்ட் 17ஆம் தேதி ரூபிளையும் கைவிட்டு, உள்நாட்டுக் கடனையும் திருப்பமாட்டேன் என்று அறிவித்தது.

அங்கிருந்து நேராக அமெரிக்கா. லாங் டெர்ம் கேப்பிட்டல் மேனேஜ்மென்ட் என்று ஒரு ஹெட்ஜ் ஃபண்ட், கூட்டாளிகளில் மெர்ட்டன், ஷோல்ஸ் என்று இரண்டு பேர் 1997இல் பொருளாதார நோபல் வாங்கியவர்கள். 1998 தொடக்கத்தில் சொந்த மூலதனம் சுமார் 470 கோடி டாலர், அதன் மேல் 12,000 கோடி டாலருக்கு மேல் கடன். பாங்காக் ஃபைனான்ஸ் கம்பெனியைக் கிண்டல் செய்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ரஷ்யா விழுந்ததும் உலகமே பயந்து பத்திரமான கடன் பத்திரங்களுக்கு ஓட, இவர்கள் போட்ட கணக்கெல்லாம் தலைகீழ். செப்டம்பர் 23ஆம் தேதி அமெரிக்க மத்திய வங்கியின் நியூயார்க் கிளையான நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் கூட்டிய கூட்டத்தில் 14 நிறுவனங்கள் சேர்ந்து சுமார் 360 கோடி டாலர் போட்டுத் தாங்கிப் பிடித்தன. வேண்டப்பட்டவர்களுக்குச் சலுகை காட்டாதீர்கள் என்று ஜகார்த்தாவுக்குப் பாடம் எடுத்த அதே வருடம்! 1999 ஜனவரியில் பிரேசிலின் ரியால் சரிந்தது.

நீண்ட காலப் பாதிப்பு வேறு மாதிரி. இனி ஜென்மத்துக்கும் ஐ.எம்.எஃப். வாசலில் நிற்கக் கூடாது என்று முடிவெடுத்த ஆசிய நாடுகள் டாலரைச் சேர்க்க ஆரம்பித்தன. சேர்த்த டாலரை எங்கே வைப்பது? அமெரிக்க அரசின் கடன் பத்திரத்தில். அதாவது ஏழை, நடுத்தர நாடுகள் பணக்கார நாட்டுக்குக் கடன் கொடுத்தன, அங்கே வட்டி குறைந்தே கிடந்தது, அந்த மலிவுப் பணத்தில் வீட்டுக் கடன் வீங்கியது, 2008 உலக நிதி நெருக்கடி வந்தது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி எவ்வளவு வலுவானது என்று பொருளாதார நிபுணர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். எனக்கு இதில் பாதிக்கு மேல் நம்பிக்கை உண்டு.

கேள்வி: இந்தியா எப்படித் தப்பித்தது? நம் ஆட்களின் சாமர்த்தியமா?

கொஞ்சம் சாமர்த்தியம், கொஞ்சம் தாமதம். 1991இல் டாலர் கையிருப்பு தீரும் நிலைக்கு வந்து பட்ட அடியால் குறுகிய கால வெளிநாட்டுக் கடனை ரிசர்வ் வங்கி கையில் பிடித்தே வைத்திருந்தது. இந்தியக் கம்பெனி நினைத்த மாதிரி டாலர் கடன் வாங்க முடியாது. இதை 'பின்தங்கிய கொள்கை' என்று பலரும் அப்போது குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ரூபாயை மூலதனக் கணக்கிலும் முழுதாக மாற்றத்தக்கதாக்க, அதாவது முதலீட்டுக்கும் கடனுக்கும் தடையில்லாமல் ரூபாயை டாலராக மாற்ற விட, மூன்று வருடத் திட்டம் போட்டு தாராப்பூர் குழு அறிக்கை கொடுத்தது எப்போது தெரியுமா? 1997 மே மாதக் கடைசியில்! ஒரு மாதத்தில் பாட் விழுந்தது, அறிக்கை அலமாரிக்குப் போனது. (நியாயமாகச் சொன்னால், அந்தக் குழுவும் பற்றாக்குறை, பணவீக்கம், வாராக்கடன் எல்லாவற்றையும் குறைத்த பிறகுதான் திறக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தது.)

அடியே படவில்லை என்றும் இல்லை. டாலருக்கு 36 ரூபாய்க்கும் கீழே இருந்தது 1998 ஆகஸ்டில் 42ஐத் தாண்டியது. நடுவில் ஜனவரியில் ரிசர்வ் வங்கி, வங்கி வட்டி விகிதத்தை ஒரே அடியாக 9இலிருந்து 11 சதவீதமாக ஏற்றியது.

கேள்வி: 2022இல் இலங்கையில் நடந்ததும் இதே கதைதானா?

பாதி. இலங்கையில் கடன் வாங்கியது பெரும்பாலும் அரசாங்கமே, 1997இல் தனியார். ஆனால் மாற்று விகிதத்தை வீம்புக்குப் பிடித்துக்கொண்டு கையிருப்பைக் கரைத்தது மட்டும் அச்சு அசலாக அதே பாங்காக். 200 ரூபாய் பக்கம் பிடித்துவைத்திருந்த டாலரை 2022 மார்ச்சில் விட்டதும் இரண்டு மாதத்தில் 360ஐ எட்டியது. ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள்.

கேள்வி: பாங்காக் போயிருந்தபோது ஆற்றங்கரைப் பக்கம் ஒரு பிரம்மாண்டமான கட்டடம் பாழடைந்து நிற்பதைப் பார்த்தேன். டாக்சிக்காரர் பேய் இருக்கிறது என்றார். அதற்கும் இந்த நெருக்கடிக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. சாத்தோர்ன் யூனிக் டவர், 49 மாடி. 1990இல் வேலை ஆரம்பித்து, பெரும்பகுதி முடிந்திருந்த நிலையில் 1997இல் கடன் கொடுத்த ஃபைனான்ஸ் கம்பெனி மூழ்கியது, வேலை நின்றது. அந்த வருடம் முடக்கப்பட்ட 58 ஃபைனான்ஸ் கம்பெனிகளில் 56ஐ டிசம்பரில் நிரந்தரமாகவே மூடிவிட்டார்கள், அதனால் பாங்காக்கில் இது போலப் பாதியில் நின்ற கட்டடங்கள் அப்போது நூற்றுக்கணக்கில். மற்றவற்றில் பெரும்பாலானவற்றைப் பிற்பாடு யாராவது வாங்கி முடித்துவிட்டார்கள், இது நெடுங்காலம் அப்படியே நின்றுவிட்டது. பேய் விஷயம் டாக்சிக்காரரைத்தான் கேட்க வேண்டும்.